பாம்பு கடித்தால் முதலில் எந்த ஆஸ்பத்திரி?

இரவு 11 மணிக்கு எங்கள் ஜி.எச்.சுக்கு (அரசு ஆஸ்பத்திரி) பாம்பு கடித்த ஒருவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். காலில் இறுக்கிக் கட்டிய துண்டு, பல் ஈறில் ரத்தக் கசிவு. சாயங்காலம் ஏழரைக்கு வயல் வரப்பில் கடித்ததாம். மனைவி கையிலிருந்த மஞ்சப்பையில் இரண்டு தனியார் கிளினிக் சீட்டுகள். ஒன்றில் டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி. இன்னொன்றில் குளுக்கோஸ், ரத்தப் பரிசோதனை, பில், அப்புறம் "ஜி.எச்.சுக்குக் கொண்டுபோங்க". மூன்றரை மணி நேரத்தில் விஷமுறிவு மருந்து ஒரு சொட்டுகூட ஏறவில்லை.

சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் ஆடாமல் வைத்தோம். சாய்த்தால் தண்ணீர் மாதிரி ஓடியது. உறையவே இல்லை. ரத்தத்தை உறையவிடாத விரியன் விஷம்தான். உடனே 10 குப்பி விஷமுறிவு மருந்து ஏற்றினோம்.

அந்த கிளினிக்காரர்களைத் திட்டிப் பயனில்லை. முதல் டோஸுக்கே 8 முதல் 10 குப்பி வேண்டும், ஒவ்வொன்றும் சில நூறு ரூபாய். எப்போதோ வரும் நோயாளிக்காக யார் வாங்கி வைப்பார்கள்? மருந்தே ஒவ்வாமையைக் கிளப்பிவிடலாம் என்ற பயம் வேறு. அரசுப் பக்கம் கதை வேறு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி அனுப்புகிறது, நோயாளிக்குச் செலவில்லை. மழைக்காலத்தில் பாம்புக்கடியைப் பார்த்துப் பார்த்தே எங்கள் நர்சுகளுக்குக் கை பழகிவிட்டது.

எங்கள் பக்கமும் குறை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் குப்பி இருந்தும், பயந்துபோய் அப்படியே மேலே அனுப்பிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். விஷத்தின் அறிகுறி தெரிந்தால், "முதல் டோஸ் போட்டுட்டு அனுப்புங்க சார்" என்று தைரியமாகக் கேளுங்கள். அனுப்பும் சீட்டில் கடித்த நேரம், ஏற்றிய குப்பிகள் இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சீட்டு இல்லாமல் வந்தால் நாங்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

தனியார் உதவி தேவைப்படும் இடமும் இருக்கிறது. கட்டுவிரியன் கடித்தால் கண் இமை தொங்கும், மூச்சுத் தசை சோர்ந்துவிடும், சில நாள் வென்டிலேட்டர் வேண்டும். எங்கள் ஐ.சி.யூ. நிரம்பிய இரவில், மருந்தை ஏற்றிவிட்டுப் பக்கத்துத் தனியார் மருத்துவமனைக்கு அனுப்பிப் பிழைத்தவர்கள் உண்டு. ஆனால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எல்லா ஆஸ்பத்திரியிலும் செல்லாது. திட்டத்தில் சேர்ந்த இடமா, இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கிடைக்குமா என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தனியாரில் பார்த்த பாம்புக்கடிகள் முன்பெல்லாம் அரசுக் கணக்குக்கு ஒழுங்காக வராது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு இதை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. இப்போது தனியாரும் தெரிவித்தாக வேண்டும். எந்த வட்டாரத்துக்கு எத்தனை குப்பி என்று கணக்குப் போட இது உதவும்.

அன்றிரவு வந்தவருக்குச் சிறுநீரகம் சுணங்கி, நான்கு முறை டயாலிசிஸ் செய்தோம். எல்லாம் ஜி.எச்.சிலேயே, செலவில்லாமல். ஒரு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு நடந்தே வந்தார். கூட வந்த மனைவி மஞ்சப்பையிலிருந்து அந்த கிளினிக் பில்லை எடுத்து நீட்டினார்.

"இதுக்குக் காப்பீட்டுல பணம் வருமாங்க சார்?"

வராதும்மா என்றேன். மடித்துத் திரும்பவும் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.