முறையீடு: ராணுவத்துக்குள் குறை சொல்ல எந்தச் சொல்?

ராணுவத்தில் இருக்கிற ஒருவர், மேலதிகாரியால் தனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று சட்டம் சொல்கிற வழியில் எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளுக்கு ‘ஸ்டாச்சுட்டரி கம்ப்ளைண்ட்’ என்று பெயர். பத்திரிகைகளில் இதைச் ‘சட்டப்பூர்வ புகார்’ என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். எனக்கு அது பொருந்தவில்லை. ‘சட்டப்பூர்வ’ என்றால் மற்றப் புகார்களெல்லாம் சட்டத்துக்கு விரோதமானவை என்பதுபோல ஒலிக்கிறது. ‘புகார்’ என்ற சொல்லிலும் எனக்கு வருத்தம் உண்டு, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ‘கம்ப்ளைண்ட்’. ஆங்கிலத்துக்கு இது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, பிரெஞ்சுக்கு லத்தீனிலிருந்து. லத்தீன் வேர் ‘பிளாங்கெரெ’. அடிப்பது என்று பொருள், குறிப்பாகத் துக்கத்தில் நெஞ்சில் அடித்துக்கொள்வது. நம் ஊரில் சாவு வீட்டில் மாரடித்து அழுவோமே, அதேதான்.

‘புகார்’ இந்தி-உருதுவிலிருந்து வந்தது, அங்கே ‘புகார்னா’ என்றால் கூவி அழைப்பது. காவிரிப்பூம்பட்டினத்துக்குப் பெயரான புகார் வேறு சொல், ‘புகு’ என்ற நம் வேரில் பிறந்தது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அப்புறம் ‘பிராது’. கிராமத்துப் பஞ்சாயத்தில் இன்றைக்கும் ‘பிராது கொடுத்தான்’ என்பார்கள். அது பாரசீக ‘ஃபரியாத்’, உதவி கேட்டுப் போடுகிற கூக்குரல்.

சரி, தமிழில்? முறையிடு. இதற்குள்ளும் ஒரு குரல் இருக்கிறது. ‘முறையோ! முறையோ!’ என்று அரண்மனை வாசலில் நின்று கதறுவதாகப் பழைய கதைகளில் வரும். ‘இது நியாயமா’ என்ற கேள்வியையே சத்தம் போட்டுக் கேட்பதுதான் முறையிடுவது. ஆக நான்கு சொற்களும், எங்கெங்கோ பிறந்தவை, ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: நொந்தவன் போடுகிற சத்தம்.

ஆனால் ராணுவம் அந்தச் சத்தத்தைத்தான் அனுமதிப்பதில்லை. நொந்தவன் தனியாக வர வேண்டும், வரிசைப்படி வர வேண்டும், சத்தமில்லாமல் தாளில் வர வேண்டும். உலகத்தில் பெரும்பாலான படைகளின் விதி இதுதான். அதனால்தான் நான்கில் ‘முறையீடு’ மட்டும் இந்த இடத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது என்று நினைக்கிறேன். தமிழில் ‘முறை’ என்றால் நியாயம், ‘முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்’ என்கிற குறளில் உள்ள பொருள். ‘முறை’ என்றால் வரிசை, ஒழுங்கு என்றும் பொருள், ‘முறையாக வா’ என்கிறோமே, அது. படைக்குள் குறை சொல்கிறவன் நியாயம் கேட்டு, வரிசை தவறாமல் போகிறான். அவன் செய்கிற இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஒரே சொல் இருக்கும்போது அதை விட்டுவிடுவானேன்? புகார் என்றால் காவல் நிலையத்தில் கொடுப்பதும் அதுதான், பக்கத்து வீட்டுக்காரர் குப்பை போட்டதற்கு மாநகராட்சியில் சொல்வதும் அதுதான், அதில் வரிசை என்கிற எண்ணமே கிடையாது. இலங்கைத் தமிழர்கள் இந்த வேரை அன்றாடப் பேச்சிலேயே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், அங்கே பொலிசில் கொடுப்பதுகூட ‘முறைப்பாடு’தான்.

இனி அந்தத் தாளுக்குப் பின்னால் இருக்கிற சட்டம். 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டத்தில் 26, 27 என்று இரண்டு பிரிவுகள். 26 அதிகாரி அல்லாதவர்களுக்கு, அதாவது ஜவான் முதல் ஜூனியர் கமிஷன்ட் அதிகாரி வரை (சுபேதார் போன்றவர்கள், பெயரில் ‘அதிகாரி’ இருந்தாலும் இந்தச் சட்டத்தின் கணக்கில் அதிகாரி அல்ல). 27 அதிகாரிகளுக்கு. தனக்கு அநீதி நடந்ததாக நினைக்கிற ஜவான் தன் கம்பெனியின், அதாவது தான் இருக்கிற படைப்பிரிவின், தலைமை அதிகாரியிடம் முறையிடலாம். அந்த அதிகாரி மீதேதான் முறையீடு என்றால், அவருக்கு அடுத்த மேலதிகாரியிடம் போகலாம். அதிகாரியாக இருந்தால், முதலில் தன் கட்டளை அதிகாரியிடம் கேட்டு, அங்கே நியாயம் கிடைக்காதபோது மத்திய அரசுக்கே முறையிடலாம். அதிகாரிகள் எழுதுகிற முறையீடுகளில் நிறைய, ஆண்டுதோறும் போடப்படும் ரகசிய அறிக்கையையும் பதவி உயர்வையும் பற்றியவை.

26இல் மூன்றாவது உட்பிரிவு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. முறையீட்டைப் பெறுகிற ஒவ்வொரு அதிகாரியும், முறையிட்டவருக்கு முழுத் தீர்வு கிடைக்கும்படி முடிந்த அளவு முழுமையாக விசாரிக்க வேண்டும், தேவையானால் மேலே அனுப்ப வேண்டும் என்கிறது. கடமை கேட்கிறவர் தலையில் வைக்கப்பட்டிருக்கிறது. ராணுவத்தில் குறை சொல்வதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஜவான் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றே பேசுகிறோம், கேட்கிறவர் என்ன செய்ய வேண்டும் என்று சட்டமே எழுதி வைத்திருப்பது பலருக்கும் தெரியாது.

ஜவான்கள் பேச்சில் வேறு இரண்டு சொற்களும் உண்டு, இரண்டும் நமக்குப் பழக்கமானவைதான். ஒன்று ‘அர்ஜி’, அதிகாரியைப் பார்க்க அனுமதி கேட்டு வைக்கிற வேண்டுகோள். நம் பழைய பத்திரங்களிலும் அர்ஜி என்ற சொல் மனு என்ற பொருளில் வரும். இன்னொன்று ‘தர்பார்’, கட்டளை அதிகாரி எல்லோரையும் ஓரிடத்தில் உட்கார வைத்துப் பேசுவது, ‘சைனிக் சம்மேளன்’ என்றும் சொல்வார்கள். அங்கே எழுந்து நின்று ஒரு விஷயத்தைக் கேட்கலாம். மெஸ் சாப்பாடு, விடுமுறை, குடும்பக் குடியிருப்பு போன்ற பொதுவான குறைகளுக்கு அது போதும். தன் அதிகாரி தனக்குச் செய்த அநியாயத்தை நூறு பேர் நடுவில் எழுந்து சொல்ல யாருக்கு மனம் வரும்? அதற்குத்தான் தனித்தாள்.

தாள் வேலை செய்யாதபோது என்ன ஆகும் என்பதற்கு நம் வேலூரே சாட்சி. 1806இல் மதராஸ் படையின் சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை வந்தது, அதில் தோல் சின்னம். அணிவகுப்பில் நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடியை எடுக்க வேண்டும் என்ற உத்தரவுகளும் வந்தன. மே மாதமே சிலர் முடியாது என்று சொன்னார்கள். அவர்களைக் கைது செய்து விசாரித்து, ஓர் இந்து, ஒரு முஸ்லிம் என்று இரண்டு பேருக்குக் கசையடி கொடுத்துப் படையிலிருந்தும் நீக்கினார்கள். ஜூலை 10 விடியும் முன்பு கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. அன்றைக்கு இரண்டு பக்கமும் செத்தவர்கள் நூற்றுக்கணக்கானோர். அதற்குப் பிறகுதான் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள், கவர்னர் பெண்டிங்க்கையும் தலைமைத் தளபதி கிராடக்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. மே மாதத்தில் ஒரே ஒரு அதிகாரி உட்கார்ந்து கேட்டிருந்தால் என்று நினைக்காமல் என்னால் அந்தக் கோட்டையைக் கடந்து போக முடிவதில்லை.

நூற்று நாற்பது வருடம் கழித்து பம்பாயில் அதே கதை. கடற்படையின் சிக்னல் பயிற்சி நிலையம் ‘தல்வார்’. மோசமான சாப்பாடு, அதற்கு மேல் கட்டளை அதிகாரி மாலுமிகளைக் கேவலமாகத் திட்டியது. திட்டியதைப் பற்றி மாலுமிகள் முதலில் விதிப்படிதான் முறையிட்டார்கள். பலனில்லை. 1946 பிப்ரவரி 18 அன்று சாப்பாட்டைத் தொட மறுத்தார்கள், சில நாட்களில் அது எழுபதுக்கும் மேற்பட்ட கப்பல்களுக்குப் பரவி, ஏறக்குறைய இருபதாயிரம் பேர் வேலையை நிறுத்தியிருந்தார்கள். அதற்குள் அது சாப்பாட்டுப் பிரச்சினையாக இருக்கவில்லை, விடுதலைப் போராட்டமாகியிருந்தது.

இந்தப் பயத்தால்தான் படைகள் கூட்டு முறையீட்டைச் சேர்த்துக்கொள்வதில்லை. பத்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் அது கலகத்தின் முதல் படியாகப் பார்க்கப்படும், ராணுவச் சட்டத்தில் கலகத்துக்கு மரண தண்டனை வரை உண்டு. ஒரே அநியாயத்தைப் பத்து பேரும் அனுபவித்திருந்தாலும் பத்து தனித்தாள்தான். இந்தக் கட்டுப்பாடு எனக்குப் புரிகிறது, ஆயுதம் வைத்திருக்கிறவர்கள் கூட்டம் கூடுவது வேறு விஷயம்தான். ஆனால் கூட்டாகப் பேசுகிற உரிமையை எடுத்துக்கொண்டால், தனியாகப் பேசுகிறவனை இரண்டு மடங்கு காப்பாற்ற வேண்டும்.

ஜெர்மனி அதைச் செய்ய முயன்றது. நாஜி காலத்துக்குப் பிறகு புதிதாகப் படை கட்டியபோது, 1956இல் படைவீரர் முறையீட்டுக்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். அதிலும் கூட்டு முறையீடு கூடாது. ஆனால் முறையீடு தவறான வழியில் வந்தது, காலம் கடந்து வந்தது, ஆதாரமில்லாதது என்பதற்காக மட்டும் யாரையும் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாக்கக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். இன்னொரு விதி மிக அழகானது: சம்பவம் நடந்து ஓர் இரவு கழிந்த பிறகுதான் முறையீடு கொடுக்கலாம், ஒரு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். கோபத்தோடு எழுதாதே, தூங்கி எழுந்து எழுது என்கிறது சட்டம். இதற்கெல்லாம் மேலாக நாடாளுமன்றமே தேர்ந்தெடுக்கிற ஓர் ஆணையர் உண்டு, எந்தப் படைவீரரும் இடையில் யாரையும் கேட்காமல் நேராக அவருக்கு எழுதலாம்.

நம்மிடம் அப்படி ஓர் ஆணையர் இல்லை. ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, 2007ஆம் ஆண்டுச் சட்டம், 2009இல் செயல்படத் தொடங்கியது, சென்னையிலும் ஓர் அமர்வு உண்டு. உள்ளே இருக்கிற வழிகளை முயன்று பார்த்த பிறகே அங்கே போக முடியும். முறையீடு கொடுத்து ஆறு மாதம் ஆகியும் முடிவு வரவில்லை என்றால் முயன்றுவிட்டதாகவே கணக்கு. நிறையப் பேர் அந்த ஆறு மாதத்தைத் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார்கள். முறையீட்டில் தெரிந்தே பொய் எழுதினால் 56ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நிரூபிக்க முடியாமல் போவது வேறு, தெரிந்தே பொய் சொல்வது வேறு.

2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் தன் சாப்பாட்டைப் படம் பிடித்து வெளியிட்டதும் நாடே பார்த்தது. சில நாட்களில் ராணுவத் தளபதி பிபின் ராவத், குறைகளைப் போடப் பெட்டி வைப்போம், சமூக ஊடகத்துக்குப் போகாதீர்கள் என்றார். அந்தக் காவலர் சில மாதத்தில் பணிநீக்கம் செய்யப்பட்டார். எல்லைப் பாதுகாப்புப் படை உள்துறையின் கீழ் வருவது, அதற்கு மேலே சொன்ன தீர்ப்பாயமும் கிடையாது, உயர் நீதிமன்றம்தான்.

படைமாட்சி அதிகாரத்தில் வள்ளுவர் ‘சிறுமையும் செல்லாத் துனியும் வறுமையும் இல்லாயின் வெல்லும் படை’ என்கிறார். துனி என்றால் வெறுப்பு, மனக்கசப்பு. செல்லாத் துனி என்பது போக மறுக்கிற கசப்பு. ஆங்கிலத்தின் ‘கிரீவன்ஸ்’ என்ற சொல்லுக்கு லத்தீன் வேரில் பாரம் என்று பொருள், மனதில் ஏறி உட்கார்ந்துவிட்ட சுமை. படைக்குள் இருக்கிற குறையைச் சொல்ல ‘செல்லாத் துனி’யைவிட நெருக்கமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அலுவலகத் தாளில் அதை எழுத முடியாது, ‘மனக்குறை’ போதும். வெறும் ‘குறை’ வேண்டாம், ‘குறை சொல்கிறவன்’ என்றதும் எதிலும் குற்றம் கண்டுபிடிக்கிறவன் என்ற நினைப்பு வந்துவிடுகிறது.

ஆகவே நான் எழுதுவது இப்படி: ‘ஸ்டாச்சுட்டரி கம்ப்ளைண்ட்’ என்பதற்குச் ‘சட்டவழி முறையீடு’. சட்டப் பிரிவைச் சுட்டாமல் கொடுக்கிற ‘நான்-ஸ்டாச்சுட்டரி’க்குத் ‘துறைவழி முறையீடு’. ‘ரிட்ரெஸ்’ என்பதற்குத் ‘தீர்வு’. ‘நிவாரணம்’ என்றால் வெள்ளத்துக்குக் கொடுக்கிற அரிசிதான் நினைவுக்கு வருகிறது. ‘த்ரூ ப்ராப்பர் சேனல்’ என்பதற்கு ‘முறைவழியாக’. ‘மேல்முறையீடு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது ஒரு தீர்ப்பு வந்த பிறகு அதை எதிர்த்துப் போவது. இங்கே இன்னும் யாரும் தீர்ப்பே சொல்லவில்லை, ஒருவர் முதன்முதலாகத் தன் கசப்பைத் தாளில் எழுதிக் கம்பெனி அலுவலகத்தில் கொடுத்திருக்கிறார்.