ஏற்காட்டு மழைமானிக்கு ஆர்டுயினோ போர்டு எதற்கு?

ஏற்காட்டு காப்பித் தோட்டங்களில் மார்ச், ஏப்ரல் பூமழையை நம்பித்தான் அந்த ஆண்டு மகசூல். நல்ல மழை விழுந்தால் எட்டு, பத்து நாளில் மொட்டு மலரும். தூறலோடு நின்றுபோனால் ஸ்பிரிங்க்ளர் போட வேண்டும். சேர்வராயன் மலையில் ஒரு சரிவில் கொட்டும் மழை அடுத்த சரிவை எட்டிக்கூடப் பார்க்காது. ஆகவே எஸ்டேட்டுக்கு ஒரு மழைமானி போதாது, ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒன்று வேண்டும்.

தானியங்கி மழைமானிக்குள் சீசா பலகை போல ஆடும் இரட்டைக் கிண்ணம் இருக்கும். 0.2 மில்லிமீட்டர் மழைக்கு ஒரு முறை அது சாயும். சாயும்போது அதிலுள்ள காந்தம் ரீட் சுவிட்சை, அதாவது காந்தம் அருகில் வந்தால் இணையும் சின்ன சுவிட்சை, கடந்து போகும். 125 முறை சாய்ந்தால் 25 மில்லிமீட்டர். இதை எண்ணத்தான் பலரும் ஆர்டுயினோ ஊனோ என்ற, நிரல் எழுதி ஓட்டக்கூடிய சிறு கணினி போர்டை வாங்குகிறார்கள். மேசைமேல் வைத்துப் பழக அருமையான போர்டு. சில்வர் ஓக் மரத்தடியில், கரண்ட் இல்லாத இடத்தில், அது பேட்டரியைத் தின்றுவிடும்.

ஊனோ சுமார் 45 மில்லி ஆம்பியர் இழுக்கும். ஆறு பென்சில் பேட்டரியைத் தொடராகப் போட்டால் கிடைப்பது ஏறத்தாழ 2000 மில்லி ஆம்பியர் மணி. இரண்டு நாள்கூட முழுதாக வராது. இவ்வளவும் எண்ணும் வேலைக்கா போகிறது? இல்லை. யூஎஸ்பி பேச்சைக் கவனிக்கத் தனியாக ஒரு சிப், வோல்டேஜைக் குறைத்து மிச்சத்தைச் சூடாக்கும் ரெகுலேட்டர், இரவும் பகலும் எரியும் எல்இடி என்று சுற்றியுள்ளவையும் சேர்ந்து தின்கின்றன. நிரலை எழுதித் தூங்க வைத்தாலும் முக்கிய சிப் மட்டும்தான் தூங்கும். மற்றவை விழித்தே இருக்கும்.

அந்த முக்கிய சிப்தான் ஏடிமெகா328பி. 28 கால்கள், 32 கேபி நிரல் நினைவகம். இதைத் தனியாக டாட் போர்டில் (துளைகள் நிறைந்த சால்டர் அட்டை) ஐசி பேஸ் (சிப்பைச் செருகும் இருக்கை) வைத்துப் பொருத்தலாம். 7, 20ஆம் கால்களுக்கு பிளஸ், 8, 22க்கு மைனஸ், அவற்றை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், ரீசெட் காலுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். அவ்வளவே. சிப்பின் வேகத்துக்குத் தாளம் தர ஊனோவில் இருக்கும் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலும் வேண்டாம். அந்தத் தாளத்தைத் தர உள்ளேயே 8 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர் இருக்கிறது. புது சிப் அதை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும்படிதான் வருகிறது. அந்த வேகத்துக்கு 1.8 வோல்ட் போதும் என்பதால் இரண்டு பென்சில் பேட்டரியைக் கடைசிச் சொட்டு வரை பயன்படுத்தலாம்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிதான். பெரிய கிரிஸ்டல் இல்லாததால் காலியான 9, 10ஆம் கால்களில் கைக்கடிகாரத்தில் இருக்கும் 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டலை மாட்டலாம். அந்த எண் இரண்டின் 15ஆம் அடுக்கு. சிப்புக்குள் இருக்கும் டைமர்2 என்ற எண்ணி அதை 1024ஆல் வகுத்து 256 வரை எண்ணினால் சரியாக 8 விநாடி. சிப் உறங்கும், 8 விநாடிக்கு ஒரு முறை கண் விழித்து ஒன்றைக் கூட்டிவிட்டு மறுபடி உறங்கும். அப்படி 10,800 முறை ஆனால் ஒரு நாள். நடுவே கிண்ணம் சாய்ந்தால் ரீட் சுவிட்ச் எழுப்பிவிடும். நாள் முடிவில் சாய்ந்த எண்ணிக்கையை இரண்டு பைட்டாக ஈஈப்ராமில் (கரண்ட் போனாலும் அழியாத உள் நினைவகம்) எழுதினால், 1024 பைட்டில் 512 நாள் மழைக்கணக்கு அடங்கும். சராசரி 5 மைக்ரோ ஆம்பியர் என்றால்கூடக் கணக்குப்படி நாற்பது ஆண்டுக்கு மேல் வரும். அதற்கு வெகு முன்பே பேட்டரி வயதாகித் தானே கெட்டுவிடும்.

நிரலை ஏற்றப் பழைய ஊனோவே புரோகிராமராக உதவும், ஆறு ஒயர் போதும். ஆர்டுயினோவிலிருந்து கழற்றிய சிப் என்றால் அதன் ஃபியூஸ் அமைப்பு (சிப்புக்குள் பதியும் அடிப்படை அமைப்பு) 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை எதிர்பார்க்கும். முதலில் அதை மாற்ற வேண்டும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. நகல் போர்டுகள் மலிவாகக் கிடைக்கும் இன்று, ஒரே ஒரு மழைமானிக்கு இதில் பெரிய மிச்சம் இல்லை. பத்து, பதினைந்து பிளாக் என்றால் பேட்டரிச் செலவும், அதை மாற்ற மலையேறும் ஆள்கூலியும்தான் உண்மையான மிச்சம்.

ஏற்காட்டுப் பனிமூட்டம் ஒன்றுதான் தொல்லை. கடிகாரக் கிரிஸ்டலின் கால்களுக்கிடையே ஈரம் படிந்தால் அது நின்றேவிடும். சால்டர் வைத்தபின் மிஞ்சும் ஃப்ளக்ஸ் பிசினைச் சுத்தமாகக் கழுவி, வார்னிஷ் பூசி, மல்டிமீட்டரை மைக்ரோ ஆம்பியரில் வைத்து பேட்டரியோடு தொடராக இணைத்துப் பாருங்கள். 5க்குக் கீழே நின்றால் மலைக்கு ஏற்றலாம். நூறைத் தாண்டினால் ஏடிசியை (வோல்டேஜை அளந்து எண்ணாக்கும் பகுதி) அணைக்காமல் விட்டிருப்பீர்கள், அல்லது ஏதோ ஒரு கால் எதிலும் இணையாமல் மிதக்கிறது.