அதிபர் கையெழுத்திட்டார் என்றதும் டிக்கெட்டை ரத்துசெய்யாதீர்கள்

அமெரிக்காவில் குடியேற்ற வழக்குகளைக் கவனிக்கும் வழக்கறிஞரான என்னிடம், ஒவ்வொரு புதிய அறிவிப்பின்போதும் வரும் கேள்வி ஒன்றுதான்: "மேடம், அதிபர் கையெழுத்துப் போட்டுவிட்டாராமே, இனி அவ்வளவுதானா?" அண்மையில் ஒருவர் அதைக்கூடக் கேட்கவில்லை. தந்தையின் சஷ்டியப்தபூர்த்திக்காகச் சென்னைக்கு எடுத்திருந்த டிக்கெட்டை, செய்தித் தலைப்பை மட்டும் பார்த்து ரத்துசெய்துவிட்டு, விழா முடிந்த பிறகு அழைத்தார். அவருடைய விசா மனு ஏற்கப்பட்டதைக் காட்டும் ஐ-797 ஒப்புதல் தாளைப் பார்த்தேன். அந்த அறிவிப்பு அவரைத் தொடவே இல்லை.

அதிபர் வாய் திறந்த கணமே எல்லா அலுவலகங்களிலும் அதுவே நடைமுறையாகிவிடும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். அமெரிக்க அதிபருக்குக் கீழே 15 துறைகள் இருக்கின்றன. அவற்றின் செயலாளர்கள் இந்திய அமைச்சர்களைப் போலக் கூடி முடிவெடுத்துக் கூட்டுப்பொறுப்பு ஏற்பவர்கள் அல்லர். பதவியில் இருக்கும்போது நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருக்க முடியாது. அதிபரால் நியமிக்கப்பட்டு, செனட்டின் ஒப்புதல் பெற்று, அதிபருக்கு ஆலோசனை சொல்வதும் அவருடைய முடிவைத் தம் துறையின் வழியே செயலாக்குவதுமே அவர்கள் வேலை. அவர்களுக்குக் கீழே ஏறத்தாழ 20 லட்சம் சிவில் ஊழியர்கள் இருக்கிறார்கள். அரசியல் நியமனமாக வந்து ஆட்சியோடு மாறுகிறவர்கள் சுமார் 4,000 பேர் மட்டுமே.

உங்கள் எச்-1பி வேலை விசா ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊதிய விவரத்துக்குச் சான்றளிப்பது தொழிலாளர் துறை. மனுவை ஏற்பது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் குடியேற்றச் சேவை அமைப்பான யு.எஸ்.சி.ஐ.எஸ்.; விசா முத்திரை தருவது வெளியுறவுத் துறையின் தூதரகம்; விமான நிலையத்தில் உள்ளே விடுவது மீண்டும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த எல்லைக் காவல் அமைப்பான சி.பி.பி. அதிபரின் ஒரு வாக்கியம், கவுன்டரில் அமர்ந்திருக்கும் அலுவலர் பின்பற்றக்கூடிய அறிவுறுத்தலாக இவை ஒவ்வொன்றிலும் மாற வேண்டும்.

அந்த உழைப்பு முன்கூட்டியே நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2017 ஜனவரி 27 அன்று பார்த்தோம். ஏழு நாட்டினருக்குப் பயணத் தடை கையெழுத்தானது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் அது பொருந்துமா என்பதே தெளிவாகாமல், அவர்களும் விமான நிலையங்களில் நிறுத்தப்பட்டார்கள். பொருந்தாது என்ற திட்டவட்டமான விளக்கம் பிப்ரவரி 1 அன்றுதான் வந்தது. அதே தடையின் மூன்றாம் வடிவம், துறைகள் நாடுவாரியாக ஆய்வு செய்த பிறகு செப்டம்பரில் வெளிவந்தது. 2018 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. சிறுவயதில் அமெரிக்காவுக்கு அழைத்துவரப்பட்டவர்களை நாடுகடத்தலிலிருந்து காக்கும் டாகா திட்டத்தை நிறுத்திய முடிவை 2020 ஜூனில் அதே நீதிமன்றம் ரத்துசெய்தபோதும், நிறுத்த அரசுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லவில்லை. துறை உரிய காரணங்களை முறையாக ஆராயவில்லை என்றே சொன்னது. ஆகவே துறைகளின் காகித வேலையை வெறும் தாமதம் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதிபரின் முடிவு நீதிமன்றத்தில் நிற்பதும் விழுவதும் பல நேரங்களில் அதைப் பொறுத்தே அமைகிறது.

2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை, எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் என்ற பிரகடனம் வந்தது நினைவிருக்கும். ஆண்டுதோறும் கட்ட வேண்டும் என்பதுபோல் வர்த்தகச் செயலாளர் பேசினார். பெரிய நிறுவனங்கள் ஊழியர்களை உடனே திரும்பச் சொல்லின. ஏறிய விமானத்திலிருந்து இறங்கியவர்களும் உண்டு. மறுநாளே, இது ஒருமுறைக் கட்டணம் என்று வெள்ளை மாளிகை சொன்னது. இனித் தாக்கல் செய்யப்படும் மனுக்களுக்கு மட்டுமே பொருந்தும் என்று யு.எஸ்.சி.ஐ.எஸ். குறிப்பாணை வெளியிட்டது. இடைப்பட்ட அந்த ஓர் இரவில் கூடுதல் விலைக்கு டிக்கெட் வாங்கியவர்களுக்கு அந்தப் பணத்தை யார் திருப்பித் தருவார்கள்?

எல்லா அறிவிப்புகளையும் அலட்சியப்படுத்தச் சொல்லவில்லை. பிரகடனங்கள் சில ஒரே நாளில் அமலுக்கு வந்துவிடும். அதனால்தான் அமலாகும் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். உங்கள் மனு தாக்கலான தேதியை ஐ-797 தாளில் பாருங்கள். உங்கள் கட்டத்தைக் கையாளும் துறை என்ன எழுதியிருக்கிறது என்பதை அதன் தளத்திலேயே படியுங்கள். வாட்ஸ்அப் குரல்பதிவை ஆதாரமாகக் கொண்டு வராதீர்கள். டிக்கெட்டை ரத்துசெய்வதற்கு முன்பு, தயவுசெய்து, உங்கள் நிறுவனத்தின் வழக்கறிஞருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். வெளிநாட்டில் இருந்தால் விமானம் ஏறும் தேதியையும் அதிலேயே எழுதுங்கள். எந்தக் கோப்பை முதலில் எடுப்பது என்று எங்களுக்கு அதிலிருந்துதான் தெரியும்.