சார்ஜிங் கேபிள் ரீகால்: "கடிதம் கொண்டு வந்தீர்களா?" என்று கேட்டால்

2018 ஆகஸ்டில் ஃபோர்டு நிறுவனம் வட அமெரிக்காவில் ஏறத்தாழ 50,000 கார்களுடன் கொடுத்திருந்த 120 வோல்ட் சார்ஜிங் கேபிள்களைக் குறைபாட்டுக்காகத் திரும்பப் பெறுவதாக, அதாவது ரீகால் செய்வதாக அறிவித்தது. 2012 முதல் 2015 வரையிலான ஃபோகஸ் எலெக்ட்ரிக், 2013 முதல் 2015 வரையிலான ஃபியூஷன் எனர்ஜி, சி-மேக்ஸ் எனர்ஜி ஆகியவை அதில் அடங்கும். வேறு கருவிகளும் ஓடும் மின்சுற்றிலோ தேய்ந்துபோன சாக்கெட்டிலோ செருகினால், கேபிள் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதே காரணம். சூடு மிஞ்சினால் தானே மின்சாரத்தை நிறுத்தும் புதிய கேபிள் இலவசமாகத் தரப்படும். அறிவிப்பு இவ்வளவுதான், அலைச்சல் சர்வீஸ் கவுண்டரில் தொடங்குகிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர், பழைய காராக வாங்கிய, இந்த ரீகாலில் அடங்கும் ஒரு வண்டியின் கேபிளைக் கையோடு எடுத்துக்கொண்டு ஒரு டீலரிடம் போனார். பிளக்கின் ஒரு முள்ளைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. கவுண்டரில் இருந்தவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், வாரண்டி முடிந்துவிட்டது, நிறுவனம் உரிமையாளருக்கு அனுப்பும் ரீகால் கடிதமும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் சொன்ன இரண்டுமே பொருந்தாத காரணங்கள்.

ரீகால் என்பது வாரண்டி அன்று. அது வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணோடு போவதால், இன்றைய உரிமையாளர் எத்தனையாவது ஆள் என்பதும் கடிதம் யார் வீட்டுக்குப் போனது என்பதும் பொருட்டல்ல. "கார் பழையதாகிவிட்டது" என்ற பதிலையும் ஏற்க வேண்டாம்: அமெரிக்கச் சட்டம் கூறும் 15 ஆண்டு வரம்பு, முதல் விற்பனையிலிருந்து ரீகால் அறிவிப்பு வெளியான நாள் வரை எண்ணப்படுவது; நீங்கள் கவுண்டருக்குப் போகும் நாள் வரை அன்று.

அமெரிக்க அரசின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் (NHTSA) இணையதளத்தில் அந்த 17 இலக்க எண்ணை இட்டுப் பார்த்து, விடையை அச்செடுத்துக் கொண்டு போங்கள். இதிலும் ஒரு பொறி உண்டு. முந்தைய உரிமையாளர் புதிய கேபிளை வாங்கித் தன்னிடமே வைத்துக்கொண்டு, பழையதை டிக்கியில் போட்டு விற்றிருந்தால், நிலுவை எதுவும் இல்லை என்றே திரை காட்டும். ஆகவே கையில் இருக்கும் கேபிளின் பாக எண்ணையே டீலரிடம் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

"பாகம் வரவில்லை, வந்ததும் அழைக்கிறோம்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் அப்படியே திரும்பிவிடாதீர்கள். தேதியிட்ட பணி ஆணையை, அதாவது நீங்கள் வந்ததையும் கேட்ட வேலையையும் டீலர் எழுதித் தரும் தாளை, கேட்டு வாங்குங்கள். வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் குறையைச் சரிசெய்யாவிட்டால், நியாயமான காலத்தில் செய்யவில்லை என்பதற்குச் சட்டப்படி அதுவே முதல்நிலைச் சான்று; அதாவது மறுத்து நிரூபிக்கும்வரை ஏற்கப்படும் சான்று. அந்தத் தேதி தாளில் இல்லையென்றால் நீங்கள் போனதை யார் ஒப்புக்கொள்வார்கள்? மறுத்தால் வேறு டீலரிடம் போகலாம், மேலே சொன்ன பாதுகாப்பு நிர்வாகத்திலும் புகார் அளிக்கலாம். ரீகாலுக்கு முன்பே சொந்தப் பணத்தில் கேபிள் மாற்றியவர்கள் ரசீதைத் தேடி எடுத்துவைக்கட்டும். ஈடு கேட்க வழி உண்டு.

புதிய கேபிள் கிடைக்கும்வரை பழையதைச் செருகாதீர்கள். கிடைத்த பிறகும், பிளக் தானாக நழுவி விழும் அளவுக்குத் தளர்ந்த அதே சாக்கெட்டில் அதை மாட்டாதீர்கள். வீட்டுச் சுவரில் இருக்கும் சாக்கெட் ரீகாலில் சேராது. அதை மாற்ற எலக்ட்ரீஷியனுக்கு நீங்கள்தான் பணம் கொடுக்க வேண்டியிருக்கும்.