சீடு: விதையா, தரநிலையா?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஒவ்வொரு மார்ச்சிலும் நடக்கும் நாக்-அவுட் தொடரின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு அணியின் பெயருக்குப் பக்கத்திலும் 1 முதல் 16 வரை ஒரு சிறிய எண் இருக்கும். அந்த எண்தான் சீடு (seed); எண் சிறிதானால் அணி வலுவானது என்று பொருள். அட்டவணை நான்கு வட்டாரங்களாகப் பிரிந்திருப்பதால் 'முதல் சீடு' ஒன்றல்ல, நான்கு. முதலில் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். உலகின் முதல்நிலை வீரர் ஒருவர்தான் என்கிற டென்னிஸ் பழக்கத்தில் இதைப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

மொழிபெயர்ப்புச் செயலிகள் இந்தச் சொல்லை 'விதை' என்று போட்டுவிடுகின்றன. "முதல் விதை வர்ஜீனியா தோல்வி" என்று வருகிற வாக்கியத்தைப் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. ஆனால் வேர்ப்பொருளைத் தேடிப் போனால் செயலி முழுக்கத் தவறவில்லை என்பது தெரியும். பெயர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டதுதான் பிழை. விளையாட்டில் இது முதலில் வினைச்சொல்லாகவே புழங்கியது. ஆங்கிலத்தில் அந்த வினைக்குப் பொருள் விதைத்தல், பரவலாகத் தூவுதல்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க டென்னிஸ் வட்டாரத்தில் இந்த வழக்கு பிறந்தது. 1898-லேயே அச்சில் வந்துவிட்டது. காரணம் எளிது. யார் யாருடன் மோதுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தால், சிறந்த இருவர் முதல் சுற்றிலேயே மோதி ஒருவர் வெளியேறிவிடலாம். இறுதி ஆட்டம் சப்பென்று போய்விடும். அதைத் தடுக்க, நல்ல ஆட்டக்காரர்களை அட்டவணையில் ஒருவருக்கொருவர் தள்ளித் தள்ளி வைத்துவிட்டு மற்றவர்களைக் குலுக்கலில் நிரப்பினார்கள். விம்பிள்டனில் 1924-இல் இது எளிய வடிவில் நுழைந்தது: ஒரே நாட்டு வீரர்கள் அட்டவணையின் ஒரே பகுதியில் குவியாமல் பிரித்தார்கள். திறமையை வைத்துப் பிரிப்பது 1927-இல் வந்தது. ஆகவே இந்தச் சொல்லின் உள்ளே முதலில் இருந்தது இடைவெளி. தரத்தைக் குறிக்கும் எண் பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது. நம் வழக்கில் சொன்னால், கைவிதைப்பைவிட வரிசை நடவுக்கே இது நெருக்கம். நாற்றுக்கு நாற்று இடம் விட்டு நடுவதைப் போல.

கல்லூரிக் கூடைப்பந்துத் தொடர் 1939-இல் 8 அணிகளோடு தொடங்கியது. எல்லா அணிகளுக்கும் சீடு தரும் முறை 1979-இல் வந்தது. 1985-இல் 64 அணிகள் ஆயின. இன்றைய அட்டவணையின் எலும்புக்கூடு அதுதான். 2011 முதல் 68. கூடுதல் நான்கு அணிகளுக்காக முன்சுற்றில் நான்கு ஆட்டங்கள் நடக்கும். முதல் சுற்று இணைகளை மனப்பாடம் செய்யவே வேண்டாம், இரண்டு எண்களையும் கூட்டினால் 17 வரும்: 1-க்கு 16, 5-க்கு 12, 8-க்கு 9.

அணியின் சீடை வைத்துப் பயிற்றுநரை எடைபோடலாமா என்று ஒரு வாதம் உண்டு. இந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் அந்த வாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நவம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை ஓர் அணி சுமார் 30 ஆட்டங்கள் ஆடுகிறது. அதில் 18 அல்லது 20 ஆட்டங்கள் தன் கூட்டமைப்புக்குள். (இதற்கான 'conference' என்ற ஆங்கிலச் சொல்லைச் செயலிகள் 'மாநாடு' ஆக்கிவிடும். அது கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு. யாரும் மேடையேறிப் பேசுவதில்லை.) பிறகு 12 பேர் கொண்ட தேர்வுக் குழு கூடி, எல்லா அணிகளையும் 1 முதல் 68 வரை ஒரே வரிசையில் அடுக்குகிறது. வெற்றி எண்ணிக்கை மட்டும் அங்கே போதாது. எதிரணி எவ்வளவு வலுவானது, ஆட்டம் எங்கே நடந்தது என்றும் பார்ப்பார்கள். சொந்த அரங்கில் முதல் 30 இடங்களில் உள்ள அணியை வென்றால் உயர்தர வெற்றி. பொது அரங்கில் முதல் 50, எதிரணியின் அரங்கில் முதல் 75 வரை அதே மதிப்பு. அடுக்கிய வரிசையின் முதல் நான்கு அணிகளும் 1-ஆம் சீடு, அடுத்த நான்கும் 2-ஆம் சீடு என்று இறங்கும். ஒரே கூட்டமைப்பின் வலுவான அணிகளை வெவ்வேறு வட்டாரங்களில் பிரித்துவைக்க வேண்டியிருப்பதால், சில சமயம் ஓர் அணி தனக்குரிய எண்ணிலிருந்து ஒரு படி மேலேயோ கீழேயோ நகர்த்தப்படும். நடவு என்கிற பழைய பொருள் இன்னும் சாகவில்லை என்பதற்கு இதுவே அடையாளம்.

சுருக்கமாக, சீடு என்பது நான்கு மாத உழைப்பை ஒற்றை எண்ணாகக் காய்ச்சி எடுத்தது. இனி அதை வைத்துப் பயிற்றுநரை எடைபோடும் கணக்கைப் பார்ப்போம்.

வழி இதுதான். 1985 முதல் ஒவ்வொரு சீடும் ஒரு தொடரில் சராசரியாக எத்தனை வெற்றி பெற்றிருக்கிறது என்று எடுத்துக்கொள்வது. 1-ஆம் சீடுக்குச் சுமார் 3.3, 2-ஆம் சீடுக்கு 2.3, 5-ஆம் சீடுக்கு 1.1, 10-ஆம் சீடுக்கு 0.6. கோப்பைக்கு ஆறு வெற்றி வேண்டும். முன்சுற்று வெற்றியை இதில் சேர்ப்பதில்லை. ஒரு பயிற்றுநர் பெற்ற வெற்றிகளிலிருந்து அவர் அணிகளின் சீடுக்குரிய சராசரியைக் கழித்தால் மிச்சமோ பற்றாக்குறையோ கிடைக்கும். மிச்சம் வந்தால் 'மார்ச் மாதத்துக்காரர்' என்ற பட்டம். பற்றாக்குறை என்றால் 'பெரிய ஆட்டத்தில் கைவிடுபவர்' என்ற பழி.

வர்ஜீனியா பல்கலைக்கழக அணியின் பயிற்றுநராக இருந்த டோனி பென்னட்டை எடுத்துக்கொள்வோம். 2014 முதல் 2019 வரை ஆறு ஆண்டுகளில் அவர் அணியின் சீடு முறையே 1, 2, 1, 5, 1, 1. எதிர்பார்ப்பு 16.6 வெற்றி. கிடைத்தவை 2, 1, 3, 1, 0, 6, கூட்டினால் 13. மூன்றரைக்கு மேல் பற்றாக்குறை. கோப்பையையே வென்ற மனிதருக்கு இந்த நிலை!

இந்தக் கணக்கின் ஓட்டையைக் காட்ட ஒரே ஓர் ஆட்டம் போதும். 2016-இல் வட்டார இறுதி ஆட்டத்தில் 1-ஆம் சீடு வர்ஜீனியாவும் 10-ஆம் சீடு சிரக்யூஸும் மோதின. இரண்டும் ஒரே கூட்டமைப்பு அணிகள். கூட்டமைப்பு ஆட்டங்களில் வர்ஜீனியா 13 வென்று 5 தோற்றது. சிரக்யூஸ் 9 வென்று 9 தோற்றது. இரண்டாம் பாதியில் 15 புள்ளி பின்தங்கியிருந்த சிரக்யூஸ், ஆடுகளம் முழுக்க நெருக்கிப் பிடித்து ஆடி 68-62 என்று வென்றது. மூன்று ஆட்டம் வென்று அங்கே வந்து தோற்ற பென்னட்டின் கணக்கில் 0.3 பற்று. நான்கு வென்ற சிரக்யூஸ் பயிற்றுநர் ஜிம் பேஹைமின் கணக்கில் 3.4 வரவு. ஆடுகளத்தில் அவர்களைப் பிரித்தது ஒரே ஒரு வெற்றி. கணக்கில் 3.7 வித்தியாசம் வந்ததற்குப் பெரிய காரணம், குளிர்காலம் முழுக்க சிரக்யூஸ் சுமாராக ஆடித் தாழ்ந்த எண் வாங்கியதுதான். நன்றாக ஆடியவருக்குத் தடை உயரமாக வைக்கப்படுகிறது. சுமாராக ஆடியவருக்கு அது தரையோடு கிடக்கிறது. லீக் ஆட்டங்களின் (தொடருக்கு முந்தைய பருவ ஆட்டங்களின்) வெற்றியைப் பாராட்டாமல் விடுவதோடு நில்லாமல், அதையே அபராதமாக்கும் கணக்கு இது. இதை நியாயம் என்று சொல்ல என்னால் முடியாது.

ஏறும் வழியும் இறங்கும் வழியும் சமமாக இல்லை என்பது இன்னொரு கோளாறு. 1-ஆம் சீடு அணி ஆறு ஆட்டமும் வென்றாலும் மிச்சம் 2.7-ஐத் தாண்டாது. முதல் ஆட்டத்தில் தோற்றால் 3.3 போய்விடும். எண்ணிக்கையும் குறைவு: பத்து முறை தொடருக்குப் போன பயிற்றுநர் அங்கே ஆடியது இருபது, இருபத்தைந்து ஆட்டம் இருக்கலாம், அதே காலத்தில் லீக் ஆட்டங்கள் முந்நூறு. இருபது ஆட்டத்தில் இரண்டு பந்து வளையத்தில் பட்டு வெளியே போனால் ஒருவரின் பெயரே மாறிவிடும்.

பென்னட்டின் கதையில் அந்த இரண்டு பக்கமும் இருக்கிறது. 2018 மார்ச் 16 அன்று 31 வெற்றி, 2 தோல்வியோடு வந்த வர்ஜீனியா, 16-ஆம் சீடு யூஎம்பிசி (மேரிலாண்ட் பல்கலைக்கழகம், பால்டிமோர் கவுண்டி) அணியிடம் 74-54 என்று தோற்றது. ஆடவர் தொடரில் 16-ஆம் சீடு வென்றது அதுவே முதல் முறை. இடைவேளையில் 21-21. இரண்டாம் பாதியில் மட்டும் யூஎம்பிசி 53 புள்ளி குவித்தது; அந்த ஆண்டு எதிரணிகள் முழு ஆட்டத்திலும் வர்ஜீனியாவிடம் எடுத்த சராசரியே ஏறக்குறைய அவ்வளவுதான். யூஎம்பிசி 24 மூன்று-புள்ளி எறிகளில் 12-ஐப் போட்டது. வர்ஜீனியா 22-இல் 4. காயத்தால் வர்ஜீனியாவின் டியாண்ட்ரே ஹண்டர் ஆடவில்லை. பந்தை நிதானமாக நகர்த்தி ஆடும் பாணியும் ஒரு காரணம்: ஒரு ஆட்டத்தில் தாக்குதல் வாய்ப்புகள் எவ்வளவு குறைகிறதோ, தற்செயலின் பங்கு அவ்வளவு கூடும். நீண்ட பருவத்தில் அது கரைந்துவிடும். ஒற்றை ஆட்டத்தில் கரைய நேரமில்லை.

மறு ஆண்டு, பர்ட்யூ அணிக்கு எதிராக வர்ஜீனியா 70-68 என்று பின்தங்கியிருந்தபோது 5.9 நொடி மிச்சம். வர்ஜீனியா வீரர் டை ஜெரோமின் இரண்டாவது ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் தடையற்ற எறி) தவறியது. மமடி டியாக்கிட்டே அந்தப் பந்தைப் பின்னால் தட்டிவிட, அது நடுக்கோட்டைத் தாண்டி ஓடியது. கிஹெய் கிளார்க் துரத்திப் பிடித்து நீளமாக வீசினார். வாங்கிய கையோடு டியாக்கிட்டே எறிந்தார், மணி அடிக்கும் முன் பந்து கையைவிட்டது, 70-70. கூடுதல் நேரத்தில் 80-75. அரையிறுதியில் ஆபர்னை வென்றதும் 0.6 நொடி மிச்சமிருக்கக் கிடைத்த மூன்று ஃப்ரீ த்ரோக்களால், 63-62. பிறகு கோப்பை. அந்தப் பந்து அரை நொடி தாமதித்திருந்தால் பென்னட் மோசமான பயிற்றுநர் ஆகியிருப்பாரா?

கொன்சாகா அணிப் பயிற்றுநர் மார்க் ஃப்யூ வேறு வகை. 2015 முதல் 2024 வரை, தொடர் ரத்தான 2020 நீங்கலாக, ஒன்பது முறை தொடர்ந்து கடைசி 16 அணிகளுக்குள் வந்தார். 2017, 2021 இறுதியாட்டங்களில் தோற்றார். கோப்பையை மட்டும் எண்ணுபவர் கணக்கில் அவருக்குப் பூஜ்யம்.

ஆகவே ஒரு பயிற்றுநரைப் பற்றி எழுதும்போது இரண்டு எண்களைத் தனித்தனியே தர வேண்டும்: எந்தெந்த சீடுகளைச் சம்பாதித்தார், அங்கிருந்து எத்தனை ஆட்டம் வென்றார். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து ஒரே எண்ணாக்கினால் முதல் தகவல் தொலைந்துபோகிறது. பின்னாளில் ரத்து செய்யப்பட்ட வெற்றிகளைச் சேர்த்தீர்களா என்பதையும் சொல்லிவிடுங்கள். லூயிவில் அணியின் 2013 கோப்பை 2018-இல் பறிக்கப்பட்டது.

இனி தமிழ்ச் சொல். 'தரநிலை' என்பதே பொருத்தம். விளையாட்டுப் பக்கங்களில் ஏற்கெனவே பழகிய சொல். பொறியியலில் அது வேறு பொருள் தந்தாலும் ஆட்ட அட்டவணைக்குப் பக்கத்தில் யாரும் குழம்ப மாட்டார்கள். 'தரவரிசை' என்று எழுதுவதைத் தவிர்க்க வேண்டும். வாரந்தோறும் செய்தியாளர் வாக்கெடுப்பில் வருவது தரவரிசை. தொடர் தொடங்குமுன் ஒரே முறை தரப்படுவது தரநிலை. நாட்டின் 3-ஆம் தரவரிசை அணி 1-ஆம் தரநிலை பெறலாம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் இந்த வாக்கியத்தையே எழுத முடியாது. வினையாக வரும்போது 'தரநிலைப்படி பிரித்து வைத்தல்' என்று விரித்தால் பழைய பொருளும் உள்ளே வந்துவிடும். பேச்சில் 'டாப் சீடு' இருந்துவிட்டுப் போகட்டும். அட்டவணையைக் குறிக்கும் 'bracket' என்ற ஆங்கிலச் சொல்லை 'அடைப்புக்குறி' என்று எழுத வேண்டாம். 'டிரா' அல்லது 'ஆட்ட அட்டவணை' போதும். தேர்வுக் குழு குறைத்து மதிப்பிட்ட அணியை 'தகுதிக்குக் கீழான தரநிலை பெற்ற அணி' என்று நீட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது. இதைவிடக் குறுகிய சொல் இன்னும் அமையவில்லை.