கிராஸ் மாற்றினால் மட்டும் அதிர்வு போகாது

கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டின் முனை மூட்டான கிராஸ் புதிது, ஷாஃப்ட்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் புதிது, வீல் பேலன்ஸும் பார்த்தாயிற்று. ஆனாலும் 60-ஐத் தொட்டால் கேபின் தரை அதிர்கிறது. இப்படிப் பணத்தைக் கொட்டிவிட்டு வரும் லாரிகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. ஸ்பேனரை எடுக்குமுன் வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்க்க யாருக்கும் பொறுமையில்லை.

அதிர்வு எந்த வேகத்தில் வருகிறதோ அதே வேகத்தில் கியரை மாற்றுங்கள். ஆர்பிஎம் (என்ஜின் சுற்றும் வேகம்) மாறியும் அதிர்வு மாறாவிட்டால் கோளாறு கியர்பாக்ஸுக்குப் பின்னால். நின்ற வண்டியில், நியூட்ரலில், அதே ஆர்பிஎம்முக்கு ஏற்றினாலும் அதிர்ந்தால் கிளட்ச், என்ஜின் மவுண்டிங் பக்கம் போங்கள். ஷாஃப்ட்டைத் தொடவே வேண்டாம்.

பின்பக்கம்தான் என்றால், சக்கரமா ஷாஃப்ட்டா? 10.00 ஆர் 20 டயர் 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஐந்து சுற்றுதான் சுற்றும். கிரவுன் விகிதம் 6, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் ஆறு சுற்று என்றால், ஷாஃப்ட் நொடிக்கு முப்பது சுற்றைத் தாண்டும். மெதுவான ஆட்டம் என்றால் டயர், ரிம், டிரம்; காலடியில் ரீங்காரம் என்றால் ஷாஃப்ட்.

உடனே கிராஸை மாற்றிவிடுகிறார்கள். கிராஸில் ஆட்டம் இருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆட்டமே இல்லாத கிராஸை ஏன் கழற்றுகிறீர்கள்? கோணத்தில் நிற்கும் கிராஸ் சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடும், இரண்டு முறை குறையும். மறுமுனை கிராஸ்தான் அதைச் சரிக்கட்டுகிறது, அதுவும் அந்த ஷாஃப்ட்டின் இரண்டு யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவைகள்) ஒரே நேரில் இருந்தால் மட்டுமே. ஷாஃப்ட் நீளம் கூடிக் குறைய நகரும் ஸ்லிப் ஜாயின்ட்டைக் கழற்றி, அம்புக்குறி பார்க்காமல் மாட்டினால் தீர்ந்தது கதை. அதற்குள் இருக்கும் 16 பல் ஸ்பிளைனில் (பல் வெட்டிய இணைப்பில்) ஒரு பல் தப்பினால் 22.5 டிகிரி விலகல். பிறகு எத்தனை புது கிராஸ் போட்டு என்ன பயன்? குறி அழிந்திருந்தால் கழற்றுமுன் நீங்களே பெயின்ட்டில் கோடு போடுங்கள். சாக்பீஸ் கோடு கிரீஸ் கையில் அழிந்துவிடும்.

அடுத்தது கோணம். பாரம் தாங்கட்டும் என்று ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை ஏற்றும்போது ஆக்ஸிலுக்கு மேலிருந்த ஆப்புத் தகட்டை மறந்துவிடுகிறார்கள், அல்லது திருப்பிப் போடுகிறார்கள். ஆக்ஸிலில் ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் மூக்கு மேலோ கீழோ திரும்பிவிடும். சமதளத்தில் நிறுத்தி, கோணமானியை வைத்து, கிராஸின் இருபுறமும் அளந்து கழியுங்கள். இரு முனைக் கோணங்களும் ஒரு டிகிரிக்குள் ஒத்திருக்க வேண்டும். காலியில் மட்டும் அதிர்வு, லோடில் இல்லை என்றால் முதல் சந்தேகம் இங்கேதான். கிளட்ச் முழுசாகப் பிடித்த பிறகும் கிளம்பும்போது குலுங்கி, 25-க்கு மேல் அடங்குவதும் பெரும்பாலும் இந்தக் கோணத்தால்தான். சென்டர் பேரிங் ரப்பர் கிழிந்திருந்தாலும் அப்படித்தான்.

ஷாஃப்ட் குழாயில் ஒட்டிய காய்ந்த சேற்றைச் சுரண்டுங்கள். பேலன்ஸ் தகடு பெயர்ந்த வெல்டிங் தழும்பு தெரிகிறதா, நசுங்கல் இருக்கிறதா என்று பாருங்கள். நசுங்கிய குழாயைச் சுத்தியலால் நிமிர்த்தாதீர்கள். பேலன்ஸிங் மெஷின் இல்லாத இடத்தில் குழாய் மாற்றி வெல்டு அடிக்கவும் வேண்டாம்.

சோதிப்பதற்காக ஆக்ஸிலைத் தூக்கிச் சக்கரத்தை ஓடவிடும்போது யாரும் வண்டிக்குக் கீழே படுக்கக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுங்கள், முன் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ‘மெதுவாகத்தானே சுற்றுகிறது’ என்ற பேச்சே வேண்டாம்.

டிரைவர் தம்பிகளே, அதிர்வோடு ‘லோடை இறக்கிட்டுப் பாத்துக்கலாம்’ என்று ஓட்டாதீர்கள். ஷாஃப்ட்டின் முன்முனை அறுந்து ரோட்டில் குத்தினால் வண்டி உங்கள் கையில் நிற்காது. அறுந்த ஷாஃப்ட்டைக் கீழே விழாமல் தாங்கும் பாதுகாப்பு வளையத்தைக் கழற்றிப் போட்டிருந்தால் இன்றே மாட்டுங்கள். கிரீஸ் அடிக்கும்போது கிராஸின் நான்கு முனைகளில் உள்ள பேரிங் கப் நான்கிலும் புது கிரீஸ் பிதுங்கும்வரை அடியுங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அடுத்து சாகப்போவது அந்தக் கப்தான்.