மாயப்புனைவும் அறிபுனையும்

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் பக்கம் கதைப் புத்தகம் படிக்கிறவர்களிடம் ‘ஃபேன்டசி நாவல்’ என்று சொன்னால், “அம்புலிமாமா கதையா?” என்று கேட்பார்கள். ‘சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ என்றால், “ரோபோ, ராக்கெட் எல்லாம் வருமே, அதுவா?” என்பார்கள். கடைசியில் இரண்டையும் சேர்த்து ‘நடக்காத கதை’ என்று ஒதுக்கிவிடுவோம். பொழுதுபோக்காகப் படிக்கிறவனுக்கும் இந்த இரண்டின் வேறுபாடு தெரிய வேண்டும் என்பது என் எண்ணம். எந்தக் கதையிடம் எந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்பது அதில்தான் இருக்கிறது.

ஃபேன்டசி என்பதன் மூலம் கிரேக்கச் சொல்லான ‘ஃபன்டாசியா’. கண்முன் தோன்றச் செய்தல் என்று அதற்குப் பொருள். லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஆவி உருவத்தைச் சொல்லும் ‘ஃபேன்டம்’ இதே குடும்பம். ‘ஃபேன்சி’ இதன் குறுக்கம். நம் கடைத்தெருவில் வளையலும் ரிப்பனும் விற்கும் ஃபேன்சி ஸ்டோர் பலகையில் இருப்பதும் அந்தக் கிரேக்கச் சொல்லின் பேரப்பிள்ளைதான்.

ஃபிக்‌ஷன் லத்தீனிலிருந்து வந்தது. களிமண்ணைப் பிசைந்து உருவம் செய்வதைக் குறித்த வினைச்சொல் அதன் வேர். தமிழில் ‘புனைதல்’ என்றால் மாலை தொடுத்தல், அழகு செய்தல், செய்யுள் இயற்றுதல். இரண்டுமே கைவேலையைச் சொல்லும் சொற்கள். அதனால் புனைவு சரியாகப் பொருந்துகிறது. ‘கட்டுக்கதை’ பொருந்தாது. நம் பேச்சில் அந்தச் சொல் வந்தாலே யாரோ பொய் சொல்லி மாட்டிக்கொண்டார் என்ற தொனி வந்துவிடும்.

சயின்ஸ் ஃபிக்‌ஷன் என்ற சொற்சேர்க்கையை வில்லியம் வில்சன் என்பவர் 1851இலேயே ஒரு நூலில் எழுதியிருக்கிறார். அது பரவவில்லை. லக்சம்பர்க்கிலிருந்து அமெரிக்கா போன ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக், 1926இல் இந்த வகைக் கதைகளுக்கென்றே ‘அமேசிங் ஸ்டோரிஸ்’ இதழைத் தொடங்கியபோது, இரண்டு சொற்களையும் ஒட்டி ‘சயின்டிஃபிக்‌ஷன்’ என்றார். வாயில் நுழையவில்லை. 1929இல் புது இதழ் தொடங்கியபோது ‘சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ என்று எழுதினார், அதுவே நின்றுவிட்டது. இந்த வகையின் முதல் நாவல் என்று பலர் சொல்லும் மேரி ஷெல்லியின் ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ வந்ததோ 1818இல். பிள்ளை பிறந்து நூறு வருடம் கழித்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

தமிழில் நிலைமை வேறு. தொல்காப்பியம் செய்யுளியலில் உரைநடையை நான்காகப் பிரிக்கும்போது, அதில் ஒன்றை ‘பொருள்மரபு இல்லாப் பொய்ம்மொழி’ என்கிறது. இதற்கு உரை எழுதிய பேராசிரியர், ஒரு யானையும் ஒரு குருவியும் நட்பாகி ஓரிடத்துக்குப் போய் இன்னது செய்தன என்பது போன்ற கதைகளைக் காட்டுகிறார். ஒருவரிடம் ஒருவர் கேட்டுக் கற்று வழிவழியாக வருபவை என்றும் சொல்கிறார். யானையும் குருவியும் பேசும் கதைக்கு இலக்கண நூலிலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள்! அதை எப்போது படித்தாலும் எனக்கு மனம் நிறைகிறது.

டெல்டாக்காரர்கள் மாயக் கதையைத் தேடி எங்கேயும் போக வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் புகார் நகரத்தில் ஐந்து மன்றங்கள் இருக்கின்றன. ஒன்றில் ஒரு பொய்கை; அதில் மூழ்கினால் உடற்குறை தீரும். இன்னொன்றில் ஒரு பாவை. அரசனின் நீதி தவறினால் வாய் திறக்காமல் கண்ணீர் விடும். எனக்கு மிகப் பிடித்தது பூத சதுக்கம். அங்கே இருக்கும் பூதம் கண்டவரையெல்லாம் பிடிப்பதில்லை. பொய்த் தவசி, கள்ளத்தனமாக நடக்கும் பெண், துரோகம் செய்யும் அமைச்சன், பிறர் மனைவியை விரும்புபவன், பொய்ச்சாட்சி சொல்பவன், புறங்கூறுபவன் ஆகிய ஆறு வகையினர் மட்டுமே அதன் கயிற்றில் சிக்குவார்கள். அதை நான்கு காதம் கேட்கும்படி முன்கூட்டியே அறிவித்தும் விடுகிறது. மணிமேகலையின் அமுதசுரபியும் அப்படித்தான். கையில் வந்தவுடன் சோறு சுரப்பதில்லை. முதல் பிச்சையை ஆதிரை இட்ட பிறகுதான் சுரக்கிறது.

நல்ல ஃபேன்டசிக்கு அடையாளமே இந்தக் கட்டுப்பாடுதான். பூதம் எப்படி வந்தது என்று நாம் கேட்பதில்லை. ஆனால் அது யாரைத் தொடும், யாரைத் தொடாது என்பது உறுதியாகத் தெரிய வேண்டும். நாயகன் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் புதிதாக ஒரு மந்திரம் முளைக்கிற தடித்தடி நாவல்களை என்னால் பாதிக்கு மேல் படிக்க முடிவதில்லை.

சயின்ஸ் ஃபிக்‌ஷனிடம் கேட்க வேண்டியது ‘எப்படி?’ என்ற கேள்வி. மணிமேகலையில் அரசன் மகனை இழந்த துயரத்தில் இந்திர விழாவை மறந்துவிடுகிறான், அதனால் சாபம் விழுந்து புகாரைக் கடல் கொள்கிறது. இது மாயக் கதை. ஆற்றில் தண்ணீர் குறைந்து கடைமடைக்கு எட்டாமல், நிலத்தடி நீரையும் உறிஞ்சி எடுத்து, உப்புநீர் வேதாரண்யம் பக்கத்திலிருந்து மெல்ல உள்ளே ஏறி, நூறு வருடம் கழித்து ஊர்கள் காலியாகின்றன என்று ஒருவர் எழுதினால், அது அறிவியல் கதை. அதே மண்ணைத்தான் கடல் கொள்கிறது, காரணம் மட்டும் வேறு. முதல் கதையில் அரசனின் மனத்தையும் சாபத்தையும் நம்புகிறேன். இரண்டாவதில் உப்பு எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது, எந்த நெல் அதைத் தாங்கும் என்று எழுத்தாளர் யோசித்திருக்க வேண்டும். அதை யோசிக்காமல் விட்டால் எவ்வளவு அழகான நடை இருந்தும் கதை நிற்காது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதா எழுதிய காலத்தில் ‘விஞ்ஞானக் கதை’ என்பதே வழக்கு. அப்புறம் ‘அறிவியல் புனைகதை’ வந்தது. புனைகதை என்பது வினைத்தொகை. புனைந்த கதை, புனைகிற கதை, புனையும் கதை என மூன்று காலமும் அதற்குள் அடங்கும். வருங்காலத்தைப் பேசும் கதைக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டாம். கட்டுரையில் இதையே எழுதலாம். பேச்சுக்கு ‘அறிபுனை’ சுருக்கமாக இருக்கிறது, நான் அதைத்தான் சொல்கிறேன்.

ஃபேன்டசிக்கு ‘மிகுபுனைவு’ என்கிறார்கள். மிகைப்படுத்தல் என்ற சாயல் அதில் ஒட்டிக்கொள்கிறது. பூதம் மிகையே இல்லை; அந்த உலகத்தில் அது இயல்பு. ‘கனவுருப்புனைவு’ அழகான ஆக்கம்தான், ஆனால் கனவுக்கு விதி கிடையாது, இந்தக் கதைகளுக்கு உண்டு. என் தேர்வு ‘மாயப்புனைவு’. “வைத்த பொருள் மாயமாகப் போய்விட்டது” என்று வீட்டில் சொல்கிற அதே மாயம் என்பதால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘மாய யதார்த்தம்’ என்பது வேறு. அது அன்றாட வாழ்க்கைக்குள்ளேயே மாயம் கலந்து வரும் எழுத்துமுறை.

நாவலுக்குப் ‘புதினம்’ இருக்கிறது, ‘நாவல்’ என்ற சொல்லின் மூல அர்த்தமான புதுமையும் அதில் மாறாமல் இருக்கிறது. தமிழின் முதல் நாவலை 1879இல் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். அவர் கையாண்ட சொல் ‘வசன காவியம்’. இன்று நாவல் என்றே சொன்னாலும் குறையில்லை.

எல்லைக்கோட்டில் நிற்கும் கதைகளும் வரும். சோழர் கால நாவலில் ஒரு யட்சி உண்மையாகவே நடமாடினால், என் கணக்கில் அது மாயப்புனைவு. 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணை கட்டப்படாமலே போயிருந்தால் என்று ஒருவர் எழுதினால், எந்திரம் எதுவும் இல்லாமலேயே அது அறிபுனை. குறுவை, சம்பா, முறைப்பாசனம், வெள்ளம், வேலை தேடி ஊரைவிட்டுப் போனவர்கள் என எல்லாவற்றையும் அந்த ஒரு மாற்றத்திலிருந்து அவர் கணக்குப் போட்டுக் கொண்டுவர வேண்டியிருக்கும்.